அடுத்த வீடியோவைத் தேர்ந்தெடுப்பது யார்?

மதிய நேரம். மூன்று வயதுப் பிள்ளை சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கிறது. உம்மா மொபைலை எடுத்து யூடியூபில் ஒரு குழந்தைப் பாட்டைப் போட்டு, தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைக்கிறார். உடனே பிள்ளையின் வாய் திறக்கிறது. பாதித் தட்டு காலியாகும் நேரத்தில் குக்கர் விசிலடிக்க, உம்மா அடுப்படிக்குப் போகிறார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் பிள்ளை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருப்பது உம்மா போட்ட பாட்டு அல்ல. முகமூடி போட்ட ஒரு கார்ட்டூன் உருவம், அழுகிற ஒரு சிறுமியைக் கத்தியோடு துரத்துகிறது. பின்னணியில் அதே குழந்தைப் பாட்டின் மெட்டு.

இது எங்கள் வீட்டில் நடந்தது. உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு வடிவில் நடந்திருக்கும். அந்த வீடியோவைப் பிள்ளைக்குக் காட்டியது யார் என்று கேட்டால் பதில் இல்லை. உம்மா தேர்ந்தெடுத்தது முதல் வீடியோவை மட்டும்தான். இரண்டாவதையும் மூன்றாவதையும் நான்காவதையும் வீட்டில் யாருமே தேர்ந்தெடுக்கவில்லை.

பிள்ளைகளும் இணையமும் பற்றிய பேச்சு கடந்த சில மாதங்களாக உலகம் முழுக்கச் சூடுபிடித்திருக்கிறது. 16 வயதுக்குக் கீழுள்ளவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது என்ற சட்டம் ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. முதலில் விலக்கு உண்டு என்று சொல்லப்பட்ட யூடியூபும் பின்னர் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சட்டத்தை மீறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். நம் தமிழ் முஸ்லிம் சொந்தங்கள் தலைமுறைகளாக வாழும் மலேசியாவும் 2026 முதல் இதே வழியில் போகப் போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பிள்ளைகளின் கண்ணில் ஆபாசக் காட்சிகள் படுவது தொடர்பான ஒரு வழக்கில், ஆஸ்திரேலியாவைப் போன்ற சட்டத்தைக் கொண்டுவருவது பற்றி மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று ஆலோசனை கூறியது.

இந்தச் செய்திகள் நம் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுக்களில் வரும்போதெல்லாம், "இங்கேயும் சீக்கிரம் வரணும், அப்பத்தான் பிள்ளைங்க உருப்படும்" என்று பதில்கள் குவிகின்றன. அந்த ஆதங்கம் நமக்கும் புரிகிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்தச் சட்டங்களால் நன்மை விளையவும் கூடும். ஆனால் செம்பில் சாய்த்து வைத்த மொபைலைப் பார்த்துச் சோறு தின்னும் அந்த மூன்று வயதுப் பிள்ளையை இவற்றில் எதுவும் தொடப் போவதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

சட்டத்தின் கண்ணில் படாத பிள்ளை

ஆஸ்திரேலியச் சட்டம் தடுப்பது கணக்கு வைத்திருப்பதை. கணக்கில் நுழையாமல் யூடியூபைத் திறந்து வீடியோ பார்ப்பதை அது தடுக்கவில்லை. குழந்தைகளுக்கான யூடியூப் கிட்ஸ் ஆப்புக்கும் அது பொருந்தாது. சட்டம் வந்த சில வாரங்களிலேயே பல நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 47 லட்சம் கணக்குகளை முடக்கியதாக அந்நாட்டு அரசு தெரிவித்தது. பெரிய எண்ணிக்கைதான். ஆனால் முடக்கப்பட்டவை அனைத்தும் சொந்தக் கணக்கு வைத்திருந்த, எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுடையவை.

நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக் கணக்கு எது? அது பார்ப்பது உம்மாவின் மொபைலில், உம்மாவின் கணக்கில். யூடியூபைப் பொறுத்தவரை அங்கே உட்கார்ந்திருப்பது முப்பது வயதுப் பெண். அவர் திடீரென்று ஒருநாள் தொடர்ந்து நாற்பது நிமிடம் பொம்மை வீடியோ பார்த்தால் அதற்கு வியப்பில்லை. அடுத்த பொம்மை வீடியோவை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

இந்தியாவின் நிலையும் இதேதான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் இல்லாமல் அவர்களின் தரவைக் கையாளக் கூடாது. அவர்களின் நடத்தையைப் பின்தொடரக் கூடாது. அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. எழுத்தில் பார்த்தால் நல்ல சட்டம். ஆனால் திரைக்கு முன்னால் இருப்பது குழந்தை என்று நிறுவனத்துக்குத் தெரிந்தால்தானே இதெல்லாம்? உம்மாவின் கணக்கில் பார்க்கும் பிள்ளைக்கு உம்மாவுக்கான விளம்பரம்தான் வரும்.

ஆகவே பெரிய பிள்ளைகளுக்குச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கலாம். ஐந்து, ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் விஷயத்தில் காத்திருப்பதற்கு எதுவுமில்லை.

வாப்பா பார்த்தது பிள்ளைக்கும் வரும்

ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் தானாக ஓடவிடும் வசதிக்கு ஆட்டோபிளே என்று பெயர். அடுத்து எதை ஓட்டுவது என்பதை யூடியூபின் அல்காரிதம் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கில் இதற்கு முன் என்ன பார்க்கப்பட்டது, எதை முழுமையாகப் பார்த்தார்கள், எதை நடுவில் தள்ளிவிட்டார்கள், இதே வீடியோவைப் பார்த்த மற்றவர்கள் அடுத்து எதைப் பார்த்தார்கள் என்பவற்றைக் கொண்டு அது கணிக்கிறது. 'இது பிள்ளைக்கு நல்லதா' என்பது அங்கே முதல் கேள்வி அல்ல. 'இதையும் பார்ப்பாரா' என்பதே கேள்வி.

ஷார்ட்ஸ் வந்த பிறகு இது இன்னும் மோசமாகிவிட்டது. இரண்டு வயதுப் பிள்ளைக்குக்கூட விரலால் மேலே தள்ளத் தெரிகிறது. ஒரு தள்ளலுக்கு ஒரு வீடியோ. எதையாவது பார்த்துப் பயந்து விரல் அங்கேயே நின்றுவிட்டாலும், 'பிடித்திருக்கிறது போல' என்றுதான் எந்திரம் கணக்கு வைத்துக்கொள்ளும்.

நம் வீடுகளில் ஒரு மொபைலை எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் நன்னா கிராஅத் கேட்கிறார். வாப்பா அரசியல் விவாதம் பார்க்கிறார். கல்லூரிக்குப் போகும் சாச்சா வந்தால் சண்டைக் காட்சிகள். இவை எல்லாம் கலந்த ஒரு கணக்கைத்தான் மாலையில் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம்.

2023 அக்டோபரிலிருந்து காஸாவின் காட்சிகள் நம் மொபைல்களை நிறைத்திருக்கின்றன. நாம் பார்க்கிறோம், அழுகிறோம், பகிர்கிறோம், துஆ செய்கிறோம். அது நம் கடமை என்று நினைக்கிறோம். ஆனால் இடிபாடுகளுக்குள்ளிருந்து தூக்கி வரப்படும் ஒரு குழந்தையின் உடலை, அதே வயதுள்ள நம் பிள்ளை, பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லாமல், இரண்டு கார்ட்டூன்களுக்கு நடுவில் பார்த்தால் என்ன ஆகும்? அது கேள்வி கேட்காது. ராத்திரி படுக்கையை நனைக்கும், தனியாகக் கழிப்பறைக்குப் போக மறுக்கும், உம்மாவை விட்டு நகராது. காரணம் என்னவென்று நமக்குத் தெரியாது. பேயோ கண்ணேறோ என்று ஓதிப் பார்ப்போம். காஸாவைப் பற்றிப் பிள்ளைகள் அறியக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. நம் வாயால், அதன் வயதுக்கேற்ற சொற்களில், நம் மடியில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டிய செய்தி அது.

நம் சமுதாயத்தையே திட்டித் தீர்க்கும் வெறுப்பு வீடியோக்களின் கதையும் இதேதான். அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக நாம் பார்க்கிறோம். நாம் கோபத்தோடு பார்த்தோமா விருப்பத்தோடு பார்த்தோமா என்று எந்திரத்துக்குத் தெரியாது. பார்த்தோம் என்பது மட்டும்தான் தெரியும். தொப்பி போட்டவரைக் கேவலமாகச் சித்திரிக்கும் ஒரு காட்சி, மக்தபுக்குத் தொப்பி போட்டுப் போகும் ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணில் படுவது, பெரியவர்களாகிய நம் பார்வையின் விளைவாகவும் இருக்கலாம்.

'குழந்தைகளுக்கானது' என்ற முத்திரை

இந்தப் பிரச்சினை புதிதல்ல. 2017-இல் உலகப் பத்திரிகைகளில் இது பெரிதாகப் பேசப்பட்டது. பிள்ளைகளுக்குப் பழக்கமான கார்ட்டூன் பாத்திரங்களையே வைத்து ரத்தம், ஊசி, கடத்தல், ஆபாசச் சாயல் கொண்ட வீடியோக்கள் ஏராளமாகப் பரவிக் கிடப்பது தெரியவந்தது. அவற்றில் சில, குழந்தைகளுக்கென்றே இருந்த யூடியூப் கிட்ஸ் ஆப்புக்குள்ளும் புகுந்திருந்தன. அந்த ஆண்டு நவம்பரில் ஜேம்ஸ் பிரிடில் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் எழுதிய ஒரு கட்டுரை இதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. யூடியூப் பல சேனல்களை நீக்கியது, விதிகளை இறுக்கியது.

அடுத்து 2019 செப்டம்பரில், பெற்றோரின் அனுமதியின்றிக் குழந்தைகளின் தரவைத் திரட்டி விளம்பரம் காட்டியதாக எழுந்த வழக்கில், கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. வழக்குத் தொடுத்தவை அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமும் நியூயார்க் மாநிலமும். அதன் விளைவாக 2020 ஜனவரியிலிருந்து, வீடியோ பதிவேற்றும் ஒவ்வொருவரும் 'இது குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டதா' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆம் என்றால் அந்த வீடியோவில் கருத்துப் பகுதி மூடப்படும். பார்ப்பவரின் விருப்பங்களைப் பின்தொடர்ந்து காட்டும் விளம்பரங்கள் வராது.

இங்கே பெற்றோர் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்த முத்திரை தரச் சான்றிதழ் அல்ல. பதிவேற்றியவர் தாமே சொல்லிக்கொள்வது அது. தவறாகச் சொன்னால் யூடியூப் மாற்றலாம், அவ்வளவே. 'இதன் பார்வையாளர்கள் குழந்தைகள்' என்பதுதான் அதன் பொருள். 'இது குழந்தைகளுக்கு நல்லது' என்று எவரும் கையெழுத்துப் போடவில்லை.

நபிமார் கதை என்று தேடினால்

"நாங்க சினிமாப் பாட்டெல்லாம் காட்டறதில்லை, இஸ்லாமிய வீடியோ மட்டும்தான்" என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. நல்ல நோக்கம். மலேசியாவிலிருந்து வரும் 'ஒமர் அண்ட் ஹனா' போன்ற, பிள்ளைகளுக்கென்று பொறுப்போடு எடுக்கப்பட்ட தொடர்கள் இருப்பதும் உண்மை. ஆனால் பெயரில் இஸ்லாம் இருப்பதே காவல் என்று நம்பிவிட முடியாத காலத்துக்கு வந்துவிட்டோம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு, கதையை எழுதுவது, படம் வரைவது, குரல் கொடுப்பது எல்லாவற்றையும் ஒரே ஆள் ஒரு மாலைக்குள் முடித்துவிடலாம். குழந்தைகளுக்கான வீடியோக்கள் இப்படிக் குவியல் குவியலாகத் தயாராகின்றன. நபிமார் வரலாறும் இந்தத் தயாரிப்புக்கு வசமாகச் சிக்கியிருக்கிறது. நபிமார்களின் உருவத்தை வரையக் கூடாது என்பதில் நம் உலமாக்கள் எவ்வளவு உறுதியாக இருந்து வந்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். இந்த வீடியோக்களிலோ நூஹ் நபியும் யூசுஃப் நபியும் சினிமா நடிகரைப் போன்ற முகத்தோடு வந்து பேசுகிறார்கள். சம்பவங்களும் அப்படியே. குர்ஆனில் உள்ளது எது, இஸ்ராயீலியத் கதை எது, எந்திரம் தானே கட்டிவிட்டது எது என்று ஆலிம் ஒருவர் உட்கார்ந்து பிரித்தால்தான் தெரியும். நான்கு வயதில் மனத்தில் பதிந்த முகம் பதினான்கு வயதில் அழியுமா?

சரி, செயற்கை நுண்ணறிவில் தயாரானது என்று அடையாளம் இருக்காதா? உண்மையென்று நம்பவைக்கும் அளவுக்கு இருக்கும் காட்சிகளில் அந்த அடையாளத்தைப் போட வேண்டும் என்று யூடியூப் 2024 மார்ச்சில் விதி கொண்டுவந்தது. பார்த்தாலே நிஜமல்ல என்று தெரியும் கார்ட்டூன் வகைக்கு அதில் விலக்கு அளித்தது. பிள்ளைகள் பார்ப்பதில் பெரும்பகுதி கார்ட்டூன்தான் என்பதை அவர்கள் யோசிக்காமல் இருந்திருப்பார்கள் என்று நம்மால் நம்ப முடியவில்லை.

எவ்வளவு நேரம்?

இதில் மருத்துவர்களுக்கிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டல்படி, இரண்டு வயது ஆகும்வரை திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, எப்போதாவது உறவினரோடு வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் அது விலக்குத் தருகிறது. வளைகுடாவிலிருந்து தினமும் வீடியோ காலில் வரும் வாப்பாக்கள் கவலைப்பட வேண்டாம்!

'அறிவு வளர்க்கும் வீடியோ' என்று சொல்லித் தரப்படுவதையும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. 'பேபி ஐன்ஸ்டீன்' என்ற பெயரில் கைக்குழந்தைகளுக்கான வீடியோக்கள் ஒரு காலத்தில் அமெரிக்காவில் அமோகமாக விற்றன. அவற்றால் அறிவு வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எதிர்ப்பு எழுந்து, கடைசியில் 2009-இல் டிஸ்னி நிறுவனம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. இரண்டு வயதுப் பிள்ளை ஒரு சொல்லை எதிரில் இருக்கும் மனிதரின் முகத்தைப் பார்த்துக் கற்பது போலத் திரையைப் பார்த்துக் கற்பதில்லை என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, "அது என்ன பறவை? நம்ம வீட்டு மாடியில வருமே, அதுவா?" என்று பேசிக்கொண்டே பார்த்தால் கதை வேறு.

வீட்டில் என்ன செய்யலாம்?

நாம் சொல்ல வருவது ஒன்றுதான். அடுத்த வீடியோவைத் தேர்ந்தெடுக்கும் வேலையை எந்திரத்திடமிருந்து நாம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

சாதாரண யூடியூபைச் சின்னப் பிள்ளையிடம் கொடுக்காமல் இருப்பதே முதல் வேலை. யூடியூப் கிட்ஸ் ஆப்பை இறக்கினால் நான்கு வயது வரை, ஐந்து முதல் எட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு என்று மூன்று பிரிவுகள் கேட்கும். பெரும்பாலான பெற்றோர் வயதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேயும் எந்திரம்தான் வடிகட்டுகிறது. 2017-இல் தவறியதைப் போல எப்போதாவது தவறும். அதே செட்டிங்ஸில் நான்காவதாக ஒரு வழி இருக்கிறது. பெற்றோர் தாமே பார்த்து அனுமதித்த வீடியோக்களும் சேனல்களும் மட்டும் தெரியும்படி வைப்பது அது. 2018-இல் வந்த வசதி. அதைப் போட்டுவிட்டால் பிள்ளையால் எதையும் தேட முடியாது. நீங்கள் வைத்தது மட்டும்தான் இருக்கும். நம்மைக் கேட்டால் ஆறு வயது வரை இதைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்போம்.

ஒருநாள் இஷாவுக்குப் பிறகு கணவனும் மனைவியும் அரை மணி நேரம் உட்கார்ந்து பத்துப் பதினைந்து வீடியோக்களைத் தேர்ந்தெடுத்தால் ஒரு மாதத்துக்குப் போதும். சின்னப் பிள்ளைக்குப் புதிது புதிதாக வேண்டும் என்பது நம் நினைப்பு. அது பார்த்ததையே இருபது முறை பார்க்கும். முழு சேனலையும் அனுமதிப்பதைவிட ஒவ்வொரு வீடியோவாக அனுமதிப்பது நல்லது, ஏனென்றால் அந்தச் சேனல் நாளை எதைப் போடும் என்று நமக்குத் தெரியாது. முதல் ஒரு நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சேர்த்துவிடாதீர்கள். வேகத்தைக் கூட்டியாவது கடைசி வரை ஓட்டிப் பாருங்கள்.

அதே ஆப்பில் ஆட்டோபிளேயை நிறுத்தலாம். நேரம் குறித்து வைத்தால் முடிந்ததும் தானே பூட்டிக்கொள்ளும். பெற்றோருக்கான பூட்டைத் திறக்க அது ஒரு பெருக்கல் கணக்கைத்தான் கேட்கும். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ராத்தாவுக்கு வாய்ப்பாடு தெரியும், தம்பிக்குத் திறந்து கொடுத்துவிடுவாள்! பெருக்கல் கணக்குக்குப் பதிலாகச் சொந்தமாக ஒரு ரகசிய எண்ணைப் போட்டு வையுங்கள்.

வசதி இருந்தால் மொபைலைவிட ஹாலில் இருக்கும் டிவி நல்லது. கண்ணுக்காக மட்டும் சொல்லவில்லை. டிவியின் சத்தம் அடுப்படி வரை கேட்கும். பாட்டு மாறி அலறல் வந்தால் உம்மாவின் காது சொல்லிவிடும். சின்னப் பிள்ளைக்கு ஹெட்போன் மாட்டிவிடும் பழக்கம் இப்போது பரவி வருகிறது, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று. அந்த நாகரிகத்தை வேறு விஷயங்களில் காட்டிக்கொள்வோம்.

பயணத்திலோ ஆஸ்பத்திரி வரிசையிலோ மொபைலைக் கொடுத்தே ஆக வேண்டிய நேரம் வரும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு மொபைல்களிலும் ஐபோனிலும், திறந்திருக்கும் ஒரே ஆப்பை விட்டு வெளியே போக முடியாதபடி பூட்டும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. ஒருமுறை பழகிக்கொண்டால் ஐந்து விநாடி வேலை.

கல்யாண மண்டபத்தில் என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் நல்ல பதில் இல்லை. நம் மொபைலைச் சரிசெய்து வைத்திருப்போம். பிள்ளையோ பெரியம்மா மகனின் மொபைலைச் சுற்றி நிற்கும் ஏழெட்டுப் பேரில் ஒன்றாக நிற்கும். சொந்தக்காரர்களிடம் சொன்னால் "ரொம்பத்தான் பண்றா" என்று பெயர் வரும். வரட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளை ஏதாவது தவறானதைப் பார்த்துவிடும். அந்த நேரத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது மேலே சொன்ன எல்லா செட்டிங்ஸையும்விடப் பெரிது. மொபைலைப் பிடுங்கி முதுகில் ஒன்று வைத்தால், பார்த்தது தவறு என்று பிள்ளை கற்றுக்கொள்ளாது; உம்மா வரும்போது மறைக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளும். எங்கள் வீட்டில் அன்று முதலில் நடந்தது அதட்டல்தான். பிள்ளை இரண்டு நாள் எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் தூங்கும் நேரத்தில், "அந்த பாப்பாவை அவன் பிடிச்சுட்டானா?" என்று கேட்டது. அன்றைக்கே மடியில் வைத்து, அது படம்தான், பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நீ தப்புப் பண்ணவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

உம்மாவை மட்டும் குற்றம் சொல்லாமல்

ஜும்ஆ பயானில் மொபைலைப் பற்றி வரும்போது பெரும்பாலும் பெண்கள் மீதுதான் குறை. "தாய்மார்கள் பிள்ளையைப் பார்ப்பதில்லை, மொபைலைக் கொடுத்துவிட்டுத் தூங்குகிறார்கள்" என்று கேட்டிருக்கிறோம். அந்தத் தாய்மார்களில் பாதிப்பேர் அதைக் கேட்க அங்கே இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். நன்னி, மாமி, கொழுந்தியா என்று ஆறு கைகள் இருந்த வீடு இரண்டு அறைக் குடித்தனமாகிவிட்டது. வாப்பா துபாயிலோ சென்னையிலோ. முற்றம் இல்லை, தெருவில் விடப் பயம். காலை ஐந்து மணிக்கு எழுந்த ஒரு பெண், மாலை ஆறு மணிக்கு அரை மணி நேர அமைதிக்காக மொபைலைக் கொடுக்கிறார் என்றால், அந்த அரை மணி நேரத்தை அவருக்கு வேறு யார் கொடுத்தோம்? அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நம் பள்ளிவாசல்களின் வளாகம் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது. சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாட அந்த ஒரு மணி நேரம் திறந்துவிடுவது பற்றி ஒரு ஜமாஅத் கூட்டத்தில் பேசினால் என்ன?

வெளிநாட்டில் இருக்கும் வாப்பாக்களும் "மொபைலைக் கொடுக்காதே" என்று போனில் கட்டளையிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது. அனுமதிக்க வேண்டிய வீடியோக்களைப் பார்த்துப் பட்டியல் போடுவது அங்கிருந்தே செய்யக்கூடிய வேலை. ரூமில் படுத்துக்கொண்டே செய்யலாம்.

நமக்குத் தெரிந்த ஒருவர் தம்மாமில் இருக்கிறார். வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை விடுமுறையில், தன் மொபைலை நிறுத்தி வைத்து மகளுக்கு ஒரு கதை சொல்லிப் பதிவு செய்து அனுப்புகிறார். ஐந்தாறு நிமிடம் வரும். எறும்பு, ஒட்டகம், அவர் சின்ன வயதில் குளத்தில் விழுந்தது, ரூமில் பூனை வந்து மீனைத் தூக்கிப் போனது என்று எதையாவது சொல்வார். நடுவில் அவரே சிரித்துவிடுவார், சில சமயம் கதை மறந்துபோகும். மனைவி அவற்றை ஒரு பென் டிரைவில் போட்டு டிவியில் செருகி வைத்திருக்கிறார். இப்போது முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஒரு கதை முடிந்ததும் திரையில் வெறும் பெயர்ப் பட்டியல்தான் வந்து நிற்கும். தானாக எதுவும் ஓடாது. பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உம்மா, பூனைக் கதை இன்னொரு தடவை" என்று அடுப்படியைப் பார்த்துக் கூப்பிடுகிறாள். உம்மா சில நாள் வந்து போட்டுவிடுகிறார். சில நாள், "நாளைக்குப் பார்ப்போம், வந்து பூண்டு உரி" என்கிறார்.